பொதுமக்களைக் காப்பது: ஐநாவின் நீலத் தொப்பிப் படையால் ஆவதும், நம் புளோக்கில் நாம் செய்யக்கூடியதும்

சூடான், காஸா, மியன்மார் என்று கைப்பேசியில் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்ப்பவர்களில் சிலர் வாட்ஸ்அப் குழுவில் "ஐநா என்னதான் செய்கிறது?" என்று கேட்கிறார்கள். சிலர் உடனே ஒரு கணக்கு எண்ணைப் போட்டு நன்கொடை திரட்டக் கிளம்புகிறார்கள். மீதிப்பேர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இந்த வழிகாட்டி மூன்று வகையினருக்கும் பயன்படும். குறிப்பாகச் சிங்கப்பூரில் குடியிருப்பாளர் கட்டமைப்பிலோ, கோயில் தொண்டர் குழுவிலோ, ஒரு தமிழ்ச் சங்கத்திலோ இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் படை தாமதமாகத்தான் வரும். வந்த பிறகும் உள்ளூர்க்காரர் சொல்லாவிட்டால் அதற்கு எதுவும் பிடிபடாது. ஆகவே ஆள் பழக்கம் முதலில், பயிற்சி அப்புறம், பணம் கடைசியில். நான் பார்த்த வரையில் பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகவே செய்கின்றன.

படி 1: ஐநா படையால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் கோபப்படுவதிலும் பயனில்லை, நம்புவதிலும் பயனில்லை.

முதலில் சட்டம். 1942, 1943 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். அதே பாதையில் வேலை செய்த போர்க் கைதிகளுக்கு 1929ஆம் ஆண்டு ஜெனிவா ஒப்பந்தம் காகிதத்திலாவது இருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு, அவர்கள் போர்வீரர்கள் இல்லை என்பதால், அப்படித் தனி ஒப்பந்தமே இல்லை. பொதுமக்களுக்கென்று நான்காவது ஜெனிவா ஒப்பந்தம் 1949இல்தான் வந்தது. சிங்கப்பூர் 1973இல் ஜெனிவா ஒப்பந்தங்களில் சேர்ந்தது.

அடுத்தது படை. ஐநா அமைதிகாப்பு 1948இல் மத்தியக் கிழக்கில் சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கும் பணியாகத் தொடங்கியது. அதற்கு மூன்று அடிப்படைகள்: சம்பந்தப்பட்ட தரப்புகளின் ஒப்புதல், நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதம் எடுக்காமை. பொதுமக்களைக் காப்பது நெடுங்காலம் அந்தப் பணியாணையில் எழுதப்பட்டே இருக்கவில்லை.

அதன் விலை 1990களில் தெரிந்தது. 1994 ஏப்ரலில் ருவாண்டாத் தலைநகர் கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் ஏறத்தாழ 2,000 பேர் ஐநா படையின் பெல்ஜியச் சிப்பாய்களை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 11ஆம் தேதி சிப்பாய்கள் வெளியேற உத்தரவு வந்தது. வெளியேறினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து, படுகொலை நடந்துகொண்டிருக்கும்போதே, பாதுகாப்பு மன்றம் அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு ஜூலையில், ஐநாவே "பாதுகாப்பு வட்டாரம்" என்று அறிவித்திருந்த போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான், 1999 அக்டோபரில், சியரா லியோன் படைக்கான 1270ஆம் தீர்மானத்தில், உடனடி வன்முறை ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்கும் வேலை முதன்முறையாக வெளிப்படையாக எழுதப்பட்டது. எழுதியதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஐநாவின் உள் கண்காணிப்பு அலுவலகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள்: 2010 முதல் 2013 வரை பொதுமக்கள் சம்பந்தப்பட்ட 507 சம்பவங்களில், படைகள் உடனடியாக எதிர்வினை ஆற்றியது 101இல் மட்டும். ஐந்தில் ஒன்று.

காரணங்கள் பல. எந்த நாட்டுச் சிப்பாயும் ஐநா தளபதியின் உத்தரவைக் கேட்கும் முன் தன் தலைநகரையும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார். ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரு படைப்பிரிவு இருக்கும். மழைக்காலத்தில் சாலை இருக்காது. உள்நாட்டு அரசு போகச் சொன்னால் போயாக வேண்டும். மாலி அரசு 2023 ஜூனில் அப்படிச் சொன்னது, ஆண்டு முடிவதற்குள் படை மூட்டை கட்டியது.

இருந்தும், இந்தப் படைகள் இல்லாமலிருந்தால் இன்னும் மோசம் என்பதற்கும் சான்று உண்டு. 2013 டிசம்பரில் தென் சூடானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, ஓடிவந்தவர்களுக்கு ஐநா முகாம்களின் வாசல் திறக்கப்பட்டது. அப்படி உள்ளே வந்தவர்கள் ஒரு கட்டத்தில் 2,00,000 பேரைத் தாண்டினார்கள். அந்த டிசம்பரில் அகோபோ என்ற இடத்து முகாம் தாக்கப்பட்டபோது இரண்டு இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்தார்கள். 2016 பிப்ரவரியில் மலக்கால் முகாமுக்குள்ளேயே குறைந்தது 30 பேர் கொல்லப்பட்டதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம்: 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படை ஐநா படை இல்லை. அது இரு நாட்டு ஒப்பந்தத்தின்கீழ் போனது. இலங்கைக்கு ஐநா அமைதிகாப்புப் படை என்றைக்குமே அனுப்பப்படவில்லை. அங்கே இருந்தவர்கள் நிவாரணப் பணியாளர்கள். 2008 செப்டம்பரில் அவர்களும் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள், போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் வந்து கேட்டுக்கொண்ட பிறகும். 2012 நவம்பரில் வந்த ஐநாவின் சொந்த உள் ஆய்வு, சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் நடந்தது, அதை அமைப்பு முழுவதன் தோல்வி என்றே எழுதியது.

சிங்கப்பூரும் இதில் வெறும் பார்வையாளர் இல்லை. 1989இல் நமீபியாவுக்குக் காவலர்களையும் தேர்தல் பார்வையாளர்களையும் அனுப்பியதில் தொடங்கி, கம்போடியா, திமோர் என்று நம்மவர்கள் போயிருக்கிறார்கள். 2002, 2003இல் திமோர் ஐநா படைக்குத் தளபதியாக இருந்தவர் சிங்கப்பூர் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம். 2005இல் அச்சே அமைதி ஒப்பந்தத்தைக் கண்காணித்த குழுவிலும் சிங்கப்பூர் இருந்தது. தேசிய சேவை செய்யும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள்.

படி 2: உள்ளூர் மக்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள்

இதுதான் நமக்கு நேரடியாக உதவும் பகுதி. ஐநா கையேடுகள் பொதுமக்கள் பாதுகாப்பை மூன்று அடுக்காகச் சொல்கின்றன: பேச்சுவார்த்தையும் தொடர்பும், நேரடிக் காவல், பாதுகாப்பான சூழலை உண்டாக்குவது. நடுவில் இருக்கும் துப்பாக்கிதான் செய்தியில் வருகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் ஊர்க்காரர் கையில் இருப்பவை.

காங்கோவின் கிழக்கில் ஐநா படை உள்ளூர் ஆட்களையே தொடர்பு உதவியாளர்களாக வேலைக்கு வைத்தது. கிராமத்தில் நம்பிக்கையான சிலரிடம் கைப்பேசி கொடுத்து, ஆயுதக் குழு நடமாட்டம் தெரிந்தால் கூப்பிடச் சொன்னது. ஏற்பாடு எளிமையானதுதான். ஆனால் யாரிடம் கைப்பேசியைக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர்த் தலைவர் ஒருவரிடம் மட்டும் கொடுத்தால், அவருக்கு ஆகாத தெருவின் செய்தி வராது. சந்தையில் கடை போடும் பெண்ணுக்கு அவரைவிட முன்பாகவே விஷயம் தெரிந்திருக்கும். கூப்பிடுகிறவர் யார் என்று வெளியே தெரிந்துவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

ஆயுதமே இல்லாமல் காவல் இருக்கும் முறையும் உண்டு. அகிம்சை அமைதிப்படை என்று சொல்லத்தக்க 'நான்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ்' தன் முதல் களப்பணியை 2003இல் தொடங்கியது இலங்கையில்தான். மூதூர், வாழைச்சேனை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அவர்கள் இருந்தார்கள். மிரட்டலுக்கு உள்ளானவரோடு கூடவே போவது, கண்ணுக்குத் தெரியும்படி அங்கே இருப்பது, எல்லாத் தரப்போடும் பேசிக்கொண்டே இருப்பது, இதுதான் வேலை. பிலிப்பீன்சின் மிண்டனாவிலும் தென் சூடானிலும் இதே முறை நடந்தது. தென் சூடானில் உள்ளூர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து, விறகுக்குப் போகும் பெண்களோடு துணைக்குப் போனார்கள்.

பெண்கள் இருப்பது வெறும் எண்ணிக்கைக்காக இல்லை என்பதற்கு லைபீரியா நல்ல உதாரணம். 2007இல் இந்தியா அங்கே அனுப்பியது முழுக்கப் பெண் காவலர்களைக் கொண்ட அணி. ஐநா வரலாற்றில் அப்படி ஓர் அணி அதுவே முதல் முறை. போரில் பாலியல் வன்முறையைப் பார்த்த ஊரில், ஆண் சிப்பாயிடம் வாய் திறக்காத பெண்கள் இவர்களிடம் பேசினார்கள்.

தனி ஆளும் சில சமயம் ஒரு படைக்குச் சமம். ருவாண்டாவில் செனகல் நாட்டுக் கேப்டன் எம்பாயே டியாஞ் ஆயுதம் இல்லாமல், சோதனைச் சாவடிகளில் சிகரெட்டும் சிரிப்பும் கொடுத்துப் பேசிப் பேசியே நூற்றுக்கணக்கானவர்களைச் சாவடி தாண்ட வைத்துக் காப்பாற்றினார். 1994 மே 31 அன்று குண்டு பட்டு இறந்தார். ஐநாவின் துணிச்சலுக்கான பதக்கம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.

படி 3: உங்கள் புளோக்கில் யாருக்கு யாரைத் தெரியும் என்று பாருங்கள்

சிங்கப்பூரில் போர் இல்லை. ஆனால் கலவரம் நடந்திருக்கிறது, குண்டு வெடித்திருக்கிறது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடி வெடித்து இன்னும் 13 பேர் போனார்கள். 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டானல்டு ஹவுசில் வெடித்த குண்டுக்கு மூவர் பலி. கலவர நாட்களில் எதிர்த் தரப்பு அண்டை வீட்டாரைத் தன் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவர்களும் இதே கம்பங்களில்தான் இருந்தார்கள். ஜூலைக்குப் பிறகு தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இன்றைய இன, சமய நல்லிணக்க வட்டங்கள் 2002இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டவை. அந்த நல்லெண்ணக் குழுக்களின் வழியில் வந்தவை என்றே நான் அவற்றைப் பார்க்கிறேன்.

கோயிலும் மக்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஜப்பானியர் குண்டு போட்டபோது சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் பலர் தஞ்சம் புகுந்தார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, இன்று செய்ய வேண்டியது என்ன? ஒரு மாலை, மூன்று நான்கு பேர் கீழ்த்தளத்தில் உட்காருங்கள். உங்கள் புளோக்கை மாடி மாடியாக நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிகிறதா?

மின்தூக்கி நின்றுபோனால் தானாக இறங்க முடியாதவர் யார், அவர் வீட்டுச் சாவி வேறு யாரிடமாவது இருக்கிறதா? தமிழ் மட்டுமே தெரிந்த தாத்தா பாட்டி எந்த வீட்டில் தனியாக இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை உண்டா? அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தால் மியன்மார்ப் பணிப்பெண்ணுக்கு யார் எடுத்துச் சொல்வது? பள்ளிவாசலில் ஒருவர், தேவாலயத்தில் ஒருவர், சீனக் கோயிலில் ஒருவர் என்று நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடக்கூடிய எண் உங்களிடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் வரும். அங்கிருந்தே தொடங்குங்கள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு போவது இன்னும் இந்த ஊரில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. ஆனால் அதோடு நிற்காமல் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

பட்டியல் எழுதும்போது ஒரு கண்டிப்பு: இனம், சமயம் என்று ஒரு கட்டம்கூட வேண்டாம். ருவாண்டாவில் அடையாள அட்டையில் இனம் எழுதியிருந்தது. சாலைத் தடுப்புகளில் அதைப் பார்த்தே ஆளைத் தேர்ந்து கொன்றார்கள். நல்ல எண்ணத்தோடு தொகுத்த பட்டியல் யார் கைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. உதவி தேவையா, எந்த மாதிரி உதவி, எந்த மொழி, இது போதும். சங்கமாகவோ கோயிலாகவோ தொகுத்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நம் வட்டத்துக்கு வெளியே நிற்கும் தமிழர்களையும் மறக்க வேண்டாம். துவாசிலும் கிராஞ்சியிலும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வட்டாரக் குடியிருப்பாளர் கட்டமைப்பு என்று ஒன்று கிடையாது. 2020இல் கொவிட் தொற்றால் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, சரியான செய்தியைத் தமிழிலும் வங்காளத்திலும் உரிய நேரத்தில் கொண்டுசேர்ப்பதே பெரும் பாடாக இருந்தது. விடுதியில் பத்துப் பேர் கேட்டு நடக்கும் ஓர் அண்ணன் எப்போதும் இருப்பார். அவர் மேற்பார்வையாளராக இருக்க வேண்டியதில்லை, சமையல் முறையைப் பிரித்துக் கொடுப்பவராகக்கூட இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவரைக் கண்டுபிடித்துப் பழகுவது, நூறு துண்டறிக்கை கொடுப்பதைவிட மேல்.

படி 4: வதந்தியைத் தடுக்க இரண்டு பேரை நியமியுங்கள்

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் ஒருவர் பேருந்துக்கு அடியில் சிக்கிய பிறகு மூண்ட கலவரத்தை விசாரித்த குழு, அதன் காரணங்களில் ஒன்றாகத் தவறான புரிதலைக் குறிப்பிட்டது. பேருந்துக்கு அடியில் சிக்கியவரை மீட்காமல், ஓட்டுநரையும் நேரக் காப்பாளரையும் காப்பாற்றுவதிலேயே அதிகாரிகள் குறியாக இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் பலர் நினைத்தார்கள். அந்த நேரத்தில் தமிழில் உரக்க, நம்பும்படி நாலு வார்த்தை சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அப்படி ஓர் ஆளை முன்கூட்டியே தேடி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆகவே, உங்கள் குழுவில் இரண்டு பேர் செய்தி பார்ப்பவர்கள். ஒருவர் போதாது, அவர் ஊரில் இல்லாத அன்றுதான் எல்லாம் நடக்கும். வாட்ஸ்அப்பில் ஏதாவது பரவினால் அவர்கள் முதலில் காவல்துறை, குடிமைத் தற்காப்புப் படை ஆகியவற்றின் அதிகாரபூர்வப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். அடுத்து, படி 3இல் பழகி வைத்திருக்கும் மற்றச் சமூகத்து நண்பரைக் கூப்பிட்டு "உங்கள் குழுவில் என்ன ஓடுகிறது?" என்று கேட்க வேண்டும். இதுதான் மிக முக்கியம். ஒரே வதந்தி தமிழ்க் குழுவில் ஒரு முகத்தோடும் மலாய்க் குழுவில் இன்னொரு முகத்தோடும் சுற்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வால் தெரியும்.

மறுப்பு எழுதும்போது அந்தப் பொய்ப் படத்தையே மறுபடி போடாதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதி, நேரத்தையும் போடுங்கள்: "இரவு 9.40 நிலவரப்படி காவல்துறை இடத்தில் இருக்கிறது, புளோக்கை விட்டு வெளியே வர வேண்டாம்" என்பதுபோல். தெரியாததை நிரப்ப வேண்டாம். எழுதியதைக் குரல் பதிவாகவும் போடுங்கள். பழக்கமான குரலை முதியவர்கள் எழுத்தைவிட நம்புகிறார்கள். பொய்த் தகவலுக்கு 2019 முதல் தனிச் சட்டமே இருக்கிறது என்பதையும் குழுவில் ஒருமுறை நினைவூட்டி வைக்கலாம், மிரட்டுவது போல இல்லாமல்.

படி 5: கையால் செய்து பழகுங்கள்

இதற்கு நல்ல ஏற்பாடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். சமூக மன்றங்கள் வழியாகக் குடிமைத் தற்காப்புப் படை நடத்தும் அவசரகால ஆயத்த வகுப்பில் சேருங்கள். முதலுதவி, இதய இயக்க மீட்பு, தீயணைப்பு எல்லாம் சொல்லித் தருவார்கள். 'மைரெஸ்பாண்டர்', 'எஸ்ஜி செக்யூர்' செயலிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். தாக்குதல் நடந்தால் ஓடுவது, முடியாவிட்டால் ஒளிவது, பிறகு தெரிவிப்பது. பேச முடியாத இடத்தில் ஒளிந்திருந்தால் 70999க்குக் குறுஞ்செய்தி. இரத்தம் கொட்டினால் அழுத்து, கட்டு, சொல்.

எச்சரிக்கைச் சங்கொலி மூன்று வகை. ஏறி இறங்கி அலறினால் காப்பிடத்துக்குப் போக வேண்டும். ஒரே சீராக நீண்டால் ஆபத்து நீங்கியது. விட்டு விட்டு ஒலித்தால் முக்கிய அறிவிப்பு, வானொலியையோ தொலைக்காட்சியையோ போட வேண்டும். தமிழுக்கு ஒலி 96.8 இருக்கிறது. பிப்ரவரி 15 மாலை 6.20க்கு ஒலிக்கும்போது, 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்த நேரம் அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இது எந்த வகை ஒலி என்றும் கேளுங்கள்.

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் காப்பறை இருக்கிறது. நம் வீடுகளில் அது அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும் வைக்கும் அறை. வைத்துக்கொள்ளுங்கள், தடை இல்லை. ஆனால் கதவைக் கழற்றக்கூடாது. பத்து நிமிடத்தில் எல்லாரும் உள்ளே நிற்கும் அளவு காலி செய்ய முடிகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். பழைய புளோக்கில் இருப்பவர்கள் பக்கத்தில் எந்த எம்ஆர்டி நிலையம், எந்தப் பள்ளி பொதுக் காப்பிடம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வெளிநாட்டுக்கு உதவி என்றால், சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்

மனசு பதறும் நேரத்தில்தான் சட்டம் மறந்துபோகும். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினால் அறநிறுவன ஆணையரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். அப்படித் திரட்டும் நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு விலக்குக் கேட்கலாம். கோயில் வாசலில் உண்டியல் வைப்பதும் இணையத்தில் கேட்பதும் திரட்டுவதுதான். "நாங்கள் நாலு நண்பர்கள்தானே" என்று தொடங்கியது மறுநாள் நானூறு பேர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியது, பணம் போய்ச் சேரும் இடம். பயங்கரவாதத்துக்கு நிதி தடுக்கும் சட்டம் 2002 முதல் இருக்கிறது. சண்டை நடக்கும் இடத்தில் உறவினர் வழியாக, தெரிந்தவரின் தெரிந்தவர் வழியாகப் போகும் பணம் கடைசியில் யார் கையில் நிற்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. ஆயுதம் வைத்திருப்பவன்தான் அங்கே சாலையில் வரி வாங்குகிறான். ஆகவே சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம், மெர்சி ரிலீஃப் போன்ற அமைப்புகள் அந்த நாட்டுக்கு நிதி திரட்டினால் அதில் போடுவதுதான் என் பரிந்துரை. வெளிநாட்டு உதவிக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு இங்கே பொதுவாக வரிக் கழிவு இல்லை; 2025 முதல், வெளிநாட்டு அவசர நிவாரணத்துக்கு அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாகக் கொடுக்கும் பணத்துக்கு மட்டும் உண்டு. அது தெரிந்தே கொடுங்கள். பழைய துணியும் காலாவதி மருந்தும் பெட்டி கட்டி அனுப்ப வேண்டாம். அங்கே கிடங்கை அடைக்கும், இறக்கி வைக்கவே ஆள் தேட வேண்டியிருக்கும்.

காணாமல்போன உறவினரைத் தேடுபவர் உங்கள் வட்டத்தில் இருந்தால், செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புச் சேவையைச் சொல்லுங்கள். பணத்தைவிட இந்தத் தகவல் சிலருக்குப் பெரிய உதவி. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கூட்டம் போட்டுக் குரல் கொடுக்க வேண்டும் என்றால், பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காகக் கூடுவதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும், ஒரே ஆளாக நின்றாலும். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் நிபந்தனைகளோடு நடத்தலாம்; நிரந்தரவாசிகளைத் தவிர மற்ற வெளிநாட்டினர் அங்கே ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. "நம்ம ஆட்கள்தானே" என்று வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிடிபட்டால் வீட்டுக்கு அனுப்பப்படுவது அவர்தான், நீங்கள் இல்லை.

படி 7: ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை

பெரிதாக வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை, "பக்கத்துப் புளோக்கில் தீ, மின்தூக்கி நின்றுவிட்டது, வாட்ஸ்அப்பில் இது வேண்டுமென்றே வைத்த தீ என்று ஒரு சமூகத்தைக் குறைசொல்லும் செய்தி ஓடுகிறது" என்று ஒரு நிலைமையைக் கொடுங்கள். தொலைபேசியை எடுத்து உண்மையாகவே கூப்பிட்டுப் பாருங்கள்: சாவி வைத்திருப்பவர் எடுக்கிறாரா, பள்ளிவாசல் நண்பரின் எண் மாறிவிட்டதா, விடுதி அண்ணன் ஊருக்குப் போய்விட்டாரா. பாதி எண்கள் வேலை செய்யாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலை.

பெண்களையும் இளையவர்களையும் தலைமை ஏற்க விடுங்கள். தலைவர் ஐயா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அவர் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பது தெரியாமலே போய்விடும். ஒருமுறை அவரை வேண்டுமென்றே "மருத்துவமனையில் இருக்கிறார்" என்று வைத்து ஒத்திகை நடத்திப் பாருங்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

முடிந்ததும், வேலை செய்யாத எண்களை அன்றைக்கே மாற்றி எழுதுங்கள். பிறகு பட்டியலின் பழைய பிரதிகளைக் கிழித்துப் போடுங்கள், கைப்பேசியில் இருப்பதையும் அழித்துவிடுங்கள். புதிய பிரதி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். ஒருவர் வேறு மாடியில் குடியிருப்பவராக இருந்தால் நல்லது.